வடக்கு வாசலின் மஞ்சள்

லோசானிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் மேலே ஏறினால், திராட்சைத் தோட்டங்கள் முடிந்து புல்வெளிகள் தொடங்கும் இடத்தில் ஒரு கல் வீடு நிற்கிறது. பதினாறு வருடங்களாக அதைப் பராமரிப்பவன் நான். குழாய், கூரை, கொதிகலன், தோட்டம் எல்லாம் என் பொறுப்பு. அறைகள், துணிகள், துப்புரவு, வந்து தங்குபவர்களின் தேவைகள் எல்லாம் என் மனைவியின் பொறுப்பு. வீடு ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. கருத்தரங்குகளுக்கும் கல்யாணங்களுக்கும் அதை வாடகைக்கு விடுகிறார்கள். முன்பு குதிரைகள் கட்டிய கொட்டிலுக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருக்கிறோம். வேலையோடு சேர்த்துத் தந்த அறைகள் அவை. வேலை போனால் அவையும் போகும்.

முதல் நாள் வெளியே நின்று வீட்டைப் பார்த்தபோது அதன் முகத்தில் ஏதோ குறைவதாகப் பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மூன்று நாட்கள் கழித்து, பஸ்ஸில் இருந்தபடி மற்ற வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் பிடிபட்டது. இந்த நாட்டில் அநேகமாக எல்லா வீடுகளிலும் ஜன்னலின் இரு பக்கமும் மரத்தால் செய்த வெளிக்கதவுகள் இருக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் அவற்றைச் சாத்துவார்கள். எங்கள் வீட்டுக்கு அவை இல்லை. மாட்டுவதற்கு இடமும் இல்லை. ஒவ்வொரு ஜன்னலும் மெல்லிய கல் தூண்களால் மூன்றாகவோ நான்காகவோ பிரிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல், சுவரில் வழியும் மழைநீர் கண்ணாடியில் விழாமல் இரு பக்கமும் ஒதுங்கிப் போவதற்காக, புருவம் போல ஒரு கல் விளிம்பு. புருவம் இருந்தது, இமை இல்லை.

அன்று மாலை அதைக் கொப்பியில் எழுதினேன். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். திகதி, கிழமை, வானிலை, செய்த வேலை, கண்ட புதினம் என்ற ஒழுங்கில் ஒரு நாளும் தவறாமல் எழுதிவருகிறேன். இந்தக் கட்டுரையில் வருடங்களைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் வீடு எதுவென்று தெரிந்துவிடும். அது எனக்குக் கொஞ்சம் கையைக் கட்டிவிட்டது போலத்தான் இருக்கிறது.

அது ஓர் ஆங்கிலேயன் கட்டிய வீடு என்று ஊரில் சொன்னார்கள். நெஞ்சு நோய்க்கு மலைக்காற்றுத் தேடி வந்தவன் என்று சிலரும், குடும்பத்தோடு கோபித்துக்கொண்டு வந்தவன் என்று சிலரும் சொன்னார்கள். எதற்கும் ஆதாரம் இல்லை. தலைவாசலுக்கு மேலே இரண்டு எழுத்துகளும் ஒரு வருடமும் வெட்டியிருக்கின்றன. வருடத்தின் கடைசி இலக்கத்தை மழை தின்றுவிட்டது. ஒன்றா ஏழா என்று நான் ஏணி வைத்து ஏறி, விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். பல வருடங்களாக என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

நூலகத்தில் ஆங்கில நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து படித்தேன். படிக்கப் படிக்க வீடு எனக்குத் திறந்துகொண்டது. கூடத்தின் ஒரு பக்கம் சுவர் வெளியே தள்ளி, மூன்று பக்கமும் கண்ணாடியாக, உள்ளே உட்காரத் திண்டுடன் ஒரு மாடம் இருக்கிறது. விருந்தாளிகள் கீழேயுள்ள ஏரியைப் பார்க்கக் கட்டியது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அதைக் கட்டியது ஏரிக்காக அல்ல, தென்மேற்கு வெயிலுக்காக. வெயில் குறைந்த ஒரு நாட்டில் பிற்பகல் வெளிச்சத்தை ஒரு துளியும் விடாமல் பிடிக்கப் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆடி, ஆவணி மாதங்களில் அந்த மாடத்தின் சூட்டில் ஒருவராலும் உட்கார முடியாது.

இரண்டு படிக்கட்டுகள் உண்டு. ஒன்று ஓக் மரத்தாலானது, அகலமானது, நடக்கச் சத்தம் கேட்காதது. மற்றது சுவருக்குள் ஒளித்துவைத்தது போல ஒடுங்கி, சுழன்று, சமையலறையிலிருந்து நேரே மேல்மாடிக்குப் போவது. வேலைக்காரர் எசமான்களின் கண்ணில் படாமல் வெந்நீர் கொண்டுபோக வைத்த வழி. இரண்டுக்கும் நடுவில் பச்சைக் கம்பளித் துணி தைத்த ஒரு கதவு. சமையலறைச் சத்தத்தை அந்தத் துணி குடித்துவிடும். என் மனைவி பதினாறு வருடங்களாக அந்த ஒடுங்கிய படியைத்தான் பாவிக்கிறாள். ஏன் என்று கேட்டேன். அகலப் படியில் துணிக் கூடையோடு ஏறினால் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் "உதவி செய்யவா" என்று கேட்டுக்கொண்டு வந்து வழியை மறிக்கிறார்கள் என்றாள்.

ஆங்கிலேயனின் பெரிய பிழை கூரையில் இருந்தது. இங்கத்தைய வீடுகளின் கூரை சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும். பனி சறுக்கி வெளியே விழுந்துவிடும். எங்கள் வீட்டில் சுவர் கூரைக்கு மேலேயும் எழுந்து நிற்கிறது. பார்வைக்குக் கோட்டை போல அழகு. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மழைநீர்ப் பீலி ஓடுகிறது. பனி சறுக்கி வந்து அந்தப் பள்ளத்தில் நிரம்பி, உருகி, ஓட்டுக்கு அடியால் உள்ளே இறங்கும். மழையை மட்டும் அறிந்தவர் வரைந்த கூரை. ஒவ்வொரு மாரியிலும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் சவளால் பனியை அள்ளிக் கொட்டி அந்தப் பள்ளத்தை வெறுமையாக்குவது என் வேலை. அந்த நாட்களை மட்டும் எண்ணினாலே கொப்பியில் ஒரு தனி அத்தியாயம் வரும்.

இத்தனையும் இங்கிலாந்திலிருந்து வந்தாலும் கல் மட்டும் இந்த இடத்துக் கல். பச்சை கலந்த சாம்பல் நிறத்து மணற்கல். லோசானின் பழைய கட்டடங்கள் பலவும் இந்தக் கல்லால் ஆனவைதான். வெட்டச் சுகமான கல். அதே காரணத்தால் கெடவும் சுகமானது. நகத்தால் சுரண்டினால் மணல் கொட்டும். தண்ணீரைப் பஞ்சு போல இழுக்கும். அதனால் இங்குள்ளவர்கள் அந்தக் கல்லுக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, நிறமும் கொடுப்பது வழக்கம். ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் வெட்டிய கல்லை அப்படியே வெறுமையாக விடுவார்கள். கல் தெரிவதுதான் அவர்களுக்குப் பெருமை.

அப்படியானால் எங்கள் வீடு எந்த வழக்கப்படி நின்றது? அதைக் கட்டிய இங்கத்தைய மேசன் தன் வழக்கப்படி அதற்குச் சட்டை போட்டானா, அல்லது ஆங்கிலேயன் தன் பிடிவாதப்படி அதை வெறும் மேனியாக விட்டானா? இந்தக் கேள்வி என்னைப் பல வருடங்கள் சுற்றியது. முன்புறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அறக்கட்டளைக்கு முன்பிருந்த உரிமையாளர் ஒருவர், அழுக்குப் போகட்டும் என்று நான்கு பக்கச் சுவர்களையும் மணல் பீச்சும் இயந்திரத்தால் சுரண்டுவித்துவிட்டார். கல்லின் மேல்தோலே போய்விட்டது. வடக்குப் பக்கத்தில் வேலைக்காரருக்கான வாசல் மட்டும் தப்பியிருந்தது. ஆழமான கல் முகப்புக்குள், வெயில் ஒருபோதும் எட்டாத இடத்தில் இருந்ததால் இயந்திரக்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் மாசி மாதத்தில் அறக்கட்டளை ஒரு முடிவு எடுத்தது. கல் உதிர்வது மோசமாகிவிட்டதால் வீட்டின் வெளிச்சுவர் முழுவதையும் திருத்துவது. பூச்சுப் பூசுவதா, வெறுமையாக விடுவதா, பூசினால் என்ன நிறம் என்பதைக் கண்டறிய, பழைய கட்டட மேற்பரப்புகளை ஆராயும் ஒரு நிபுணரை அழைத்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி, முழங்காலில் தோல் கட்டு. வந்த முதல் நாளே ஏணி கேட்டார். வருட இலக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "ஏழு" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

என் கொப்பிகளைப் பற்றித் தெரிந்ததும் அவருக்கும் என்னைப் பிடித்துப்போனது. எந்தக் கட்டடத்திலும் இப்படி ஒரு பதிவு தனக்குக் கிடைத்ததில்லை என்றார். வீட்டில் நடந்த திருத்த வேலைகள் எல்லாவற்றையும் திகதி வாரியாகப் பிரெஞ்சில் எழுதித் தரமுடியுமா, தன் அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்க்கிறேன் என்றார். யாரோ ஒருவர் என் கொப்பிகளை வாசிக்கப்போகிறார் என்ற நினைப்பே எனக்குப் புதிது. ஓம், தருகிறேன் என்றேன்.

இரண்டாம் கிழமை ஒரு புதன்கிழமை காலையில் அவர் என்னை வடக்கு வாசலுக்குக் கூப்பிட்டார். முழங்காலில் இருந்தபடி, கதவின் இரு பக்கத்துக் கல் தூண்களையும் கைவிளக்கால் காட்டினார். கல்லின் முகத்தில், இடுப்பு உயரம் வரைக்கும், மங்கலான மஞ்சள். கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில், மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். காவி மஞ்சள் பூச்சு, அதற்கு மேல் கல் இணைப்புகளைச் சிவப்பில் எடுத்துக் காட்டிய கோடுகள், பழைய வீடுகளில் இப்படிச் செய்வது உண்டு என்று விளக்கினார். விளக்கை என் கையில் தந்துவிட்டு உருப்பெருக்கியைக் கல்லில் வைத்தார். வெயிலும் மழையும் இயந்திரமும் தொடாத ஒரே இடத்தில் வீட்டின் முதல் நிறம் தப்பியிருக்கிறது. மேசன் ஆங்கிலேயனின் பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்குச் சட்டை இருந்திருக்கிறது.

நான் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது என் மனைவியின் மஞ்சள்.

வெள்ளிக்கிழமைகளில், யாரும் வருமுன் விடியற்காலையிலேயே, அவள் அந்த வாசலைக் கழுவுவாள். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்து, அதில் மஞ்சள் தூளைக் கரைத்து, வாசற்படியிலும் இரு பக்கத்துத் தூண்களிலும் கையால் தெளிப்பாள். எங்கள் இரண்டு அறைகளுக்கும் செய்வதை அங்கேயும் செய்தாள். அந்த வாசலால்தான் அவள் காலையில் வீட்டைத் திறக்கிறாள். தொடக்கத்தில் நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எத்தினை பேர் எத்தினை மனத்தோட வந்து படுத்தெழும்பிற வீடு. ஒருக்காத் தெளிச்சால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன்.

சிவப்புக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதை எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்கத் தேவையில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். குங்குமம் உண்டாகிற விதமே அதுதான். கல்லில் விழுந்த மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இடையிலுள்ள சுண்ணாம்பில் விழுந்தது சிவந்துவிட்டது. பிரெஞ்சு மொழியில் எத்தனையோ புத்தகம் படித்த அந்தப் பெண்மணிக்கு இது தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

நான் ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பத்து நாட்களில் காரியங்கள் வேகமாக நடந்தன. நிபுணரின் முதற்குறிப்பை வாசித்த அறக்கட்டளை நிர்வாகிக்கு ஒரே சந்தோஷம். ஏற்கெனவே கல்யாணப் படங்களில் வீடு சாம்பலாகத் தெரிகிறது என்று அவருக்கு மனக்குறை. கிழக்குச் சுவரில் ஒரு மேசை அளவு சதுரத்துக்குக் காவி மஞ்சள் பூசிப் பார்த்தார்கள். மாத முடிவில் வரும் கூட்டத்தில் நிறத்தை உறுதிசெய்வதாக ஏற்பாடு. என் மனைவி கூடையோடு அந்தப் பக்கம் போனபோது சதுரத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்டுக்குச் செங்கமாரியோ?" என்று கேட்டாள். நாங்கள் செங்கமாரி என்று சொல்வது மஞ்சள் காமாலையை. அப்போதும் நான் அவளுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை.

மாலைகளில் கொப்பிகளைப் பிரித்துவைத்து மொழிபெயர்த்தேன். கூரை, பீலி, கொதிகலன், ஜன்னல் ஈயப்பட்டி. மூன்றாம் வருடத்துச் சித்திரை மாதம் வந்தது. ஒரு திங்கள் தொடங்கிப் புதன்வரை, வடக்கு வாசலின் தூண்களில் உதிர்ந்துபோன பழைய சாந்தை முழுவதும் சுரண்டி எடுத்து, புதிய சுண்ணாம்புச் சாந்து வைத்ததாக எழுதியிருந்தேன். மேசன் ஒரு போர்த்துக்கீசர் என்ற குறிப்பும் இருந்தது.

அந்த மூன்று வரிகள் போதும். கல் இணைப்பில் இருக்கும் சாந்து என் காலத்தது என்றால், அதன்மேல் உள்ள சிவப்பும் என் காலத்தது. ஆங்கிலேயனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்படியானால் அது என்ன என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் என் மனைவியிடம்தான் வரும். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் கல்லில், ஒருவரையும் கேளாமல், வருடக்கணக்காகச் சாயம் ஊற்றியவள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு அறுபத்தொன்று. அந்த வயதில் அந்த இரண்டு அறைகளை விட்டு எங்கே போவது, யார் வேலை தருவார்கள்?

மூன்று வரிகளையும் விட்டுவிட்டு அடுத்த மாதத்துக்குப் போனேன். நடந்த ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதற்தடவை. பக்கம் ஒழுங்காகவே இருந்தது. யாரும் கண்டுபிடிக்க முடியாது.

என் பிரெஞ்சில் பிழைகள் இருக்கும். விருந்தாளிகளோடு கதைத்துக் கதைத்து என் மனைவியின் பிரெஞ்சு என்னுடையதைவிடத் திருத்தமானது. அதனால் அனுப்புவதற்கு முன் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், தலையணை உறைகளை மடித்துக்கொண்டே வாசித்தாள். இரண்டு இடத்தில் பேனையால் திருத்தினாள். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தேடினாள்.

"போர்த்துக்கீச மேசன் எங்க?" என்றாள்.

எந்த மேசன் என்று கேட்டேன்.

"எந்த மேசனோ? மூண்டு நாள் என்ர கையால சோறு திண்டவர். மீன்குழம்பு உறைக்குதெண்டு கண்ணைத் துடைச்சுத் துடைச்சு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவர். உங்கட கொப்பியில இருப்பார். இதில காணேல்லை."

"விடுபட்டுப் போச்சு."

"உங்களுக்கோ? மழை எத்தினை மணிக்கு விட்டதெண்டும் எழுதுற ஆளுக்கு மேசன் விடுபட்டவரோ?"

இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. வடக்கு வாசலில் நிபுணர் கண்டதையும், கிழக்குச் சுவரின் சதுரம் எங்கிருந்து வந்தது என்பதையும், மூன்று வரிகளை ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மடித்த உறை ஒன்றை எடுத்து விரித்துத் திரும்பவும் மடித்தாள்.

"அப்ப நான் தெளிச்ச தண்ணிக்கு ஒரு வீடு முழுக்க மஞ்சள் பூசப்போயினம்" என்றாள்.

"எழுதினால் அந்த அம்மா கண்டுபிடிச்சிடுவா. உம்மைத்தான் கேப்பினம். வேலையும் போகும், இந்த ரெண்டு அறையும் போகும். யோசிச்சுப் பாரும்."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி மஞ்சள் அடிப்பினம். பிறகு வாற ஆக்கள் அதுதான் இந்த வீட்டின்ர முதல் நிறமெண்டு நம்புவினம். நூறு வருசத்துக்கும் அப்பிடியே எழுதிக்கொண்டிருப்பினம்."

அவள் எழுந்து ஜன்னலடிக்குப் போனாள். கொட்டிலின் சின்ன ஜன்னலால் வீட்டின் புகைபோக்கிகள் தெரிந்தன. பன்னிரண்டு புகைபோக்கிகளில் இரண்டுதான் இப்போது வேலை செய்கின்றன.

"மேசனை எழுதுங்கோ" என்றாள். "மிச்சத்தை நான் சொல்லுறன். நான் என்ன களவோ எடுத்தனான்? என்னைக் கள்ளி மாதிரிக் கொப்பிக்குள்ள ஒளிச்சு வைக்காதேங்கோ."

எழுதினேன்.

கூட்டத்துக்கு மூன்று நாட்கள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, நிபுணரும் நிர்வாகியும் வடக்கு வாசலுக்கு வந்தார்கள். நிபுணரின் கையில் என் பட்டியல் இருந்தது. மேசனைப் பற்றிய வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். புதிய சாந்தில் பழைய சிவப்பு எப்படி வந்திருக்கும், திகதியில் ஏதும் பிழையா என்று என்னிடம் கேட்டார். திகதி சரி என்றேன்.

என் மனைவி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஒரு கையில் வெள்ளைப் பீங்கான் தட்டு, அதில் ஒரு கரண்டி மஞ்சள் தூள். மற்றக் கையில், நிலவறையில் நான் மூடி வைத்திருக்கும் சுண்ணாம்பு வாளியிலிருந்து எடுத்த ஒரு சின்ன உருண்டை. தட்டை வாசற்படியில் வைத்து, மஞ்சளில் பாதியைத் தண்ணீரில் மட்டும் குழைத்துக் கல்லுக்கு அருகில் பிடித்துக் காட்டினாள். பிறகு மறுபாதியில் சுண்ணாம்பைச் சேர்த்து விரலால் தேய்த்தாள். மஞ்சள் முதலில் செம்மஞ்சளானது, பிறகு சிவந்தது. தூணின் இணைப்பில் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் தன் சிவந்த விரலை வைத்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தான்தான் தெளிப்பதாகவும், அது தங்கள் வழக்கம் என்றும், அதில் சாயம் போடும் எண்ணம் எதுவும் இல்லை என்றும் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னாள்.

நிபுணர் தட்டை எடுத்து முகர்ந்தார். உருப்பெருக்கியை வைத்துத் தட்டைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் படியில் உட்கார்ந்து, தன் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு பக்கங்களுக்கு மூலைக்கு மூலை கோடு இழுத்தார்.

நிர்வாகிதான் கோபப்பட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். இந்த வீட்டின் ஒரு கல்லைத் தொடுவதற்கும் அனுமதி வேண்டும் என்று தெரியாதா, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றார்.

என் மனைவி அவரை நேராகப் பார்த்தாள். "வந்த முதல் நாள் நீங்கள் என் கையில் திறப்புக் கொத்தைத் தந்தீர்கள். உங்கள் சொந்த வீட்டைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னீர்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்."

நிர்வாகி, எழுத்தில் அறிவிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்து வருவதற்கு ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களையும் நான் கொப்பியில் எழுதியிருக்கிறேன். வானிலை நன்றாகவே இருந்திருக்கிறது. என் மனைவி, நாட்டின் மறுபக்கத்தில் ஓர்லிகோனில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் எடுத்து, அந்தப் பக்கம் வீட்டு வாடகை எப்படி என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். தங்கை ஏன் என்று கேட்டபோது, இங்கே ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பதினாறு வருடம் ஒத்துக்கொண்ட காற்றா என்று தங்கை சிரித்தது எனக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை வந்தது. அவள் வாசலைக் கழுவினாள். செம்பை எடுக்கவில்லை.

கடிதம் ஒரு பக்கம். அனுமதிக்கப்படாத துப்புரவுப் பொருள்களை வெளிக் கல்லில் பாவிக்கக் கூடாது, மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும், வேலை ஒப்பந்தம் மாற்றமின்றித் தொடரும் என்று இருந்தது. என் மனைவி மூன்று முறை வாசித்தாள்.

"துப்புரவுப் பொருளாம்" என்றாள். "சரி, அதுவும் பிழையில்லை."

நிபுணர் எங்களுக்காகப் பேசியிருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன். பூசி முடிந்த பிறகு தெரிய வந்திருந்தால் அவமானம் தனக்குத்தான், என் மனைவி வாய் திறந்ததால் ஒரு வீடு தப்பியது என்று நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறார். வடக்கு வாசலில் மஞ்சளுக்கு அடியில் எந்தப் பழைய பூச்சின் தடமும் இல்லை என்பதையும் அவர் உறுதிசெய்தார். ஆங்கிலேயன் தன் பிடிவாதத்தில் வென்றிருக்கிறான். வீடு தொடக்கத்திலிருந்தே வெறும் கல்லாகத்தான் நின்றிருக்கிறது. எனக்கு அது பெரிய திருப்தி. கிழக்குச் சுவரில் பூசிப் பார்த்த சதுரத்தைக் கழுவியும் சுரண்டியும் பார்த்தார்கள். அந்தக் கல் குடித்ததைத் திருப்பித் தருவதில்லை. சதுரம் இன்னும் இருக்கிறது.

வைகாசியில் ஒரு நாள் நிபுணர் எனக்குப் போன் எடுத்தார். இறுதி அறிக்கையில் வடக்கு வாசலுக்கு ஒரு தனிப் பத்தி எழுதுவதாகவும், மஞ்சளை அகற்றாமல் அப்படியே விடும்படி பரிந்துரைப்பதாகவும் சொன்னார். அதுவும் இனி வீட்டின் ஓர் அடுக்கு என்பது அவர் கருத்து. அதற்கு இரண்டு விவரங்கள் வேண்டும். எந்தத் திகதியில் தொடங்கியது? இடையில் எப்போதாவது நின்றதா? கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

அரை மணித்தியாலத்தில் சொல்கிறேன் என்று வைத்தேன். முதல் வருடக் கொப்பியை எடுத்தேன். இல்லை. இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம். பதினாறு கொப்பிகளையும் தரையில் பரப்பிவைத்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் புரட்டினேன். மழை இருந்தது, மூடுபனி இருந்தது, பீலி அடைப்பு, விருந்தாளி மறந்துவிட்டுப் போன குடை, எலிப்பொறியில் எலி விழுந்த நேரம் எல்லாம் இருந்தன. மஞ்சள் ஓரிடத்திலும் இல்லை. ஒவ்வொரு கிழமையும் என் கண் முன்னால் நடந்த காரியம், எழுத வேண்டிய ஒன்றாக எனக்கு ஒரு நாளும் படவில்லை.

என் மனைவி கொட்டிலுக்குப் பின்னால் படுக்கை விரிப்புகளை உலரப் போட்டுக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"திறப்புக் கிடைச்ச கிழமை வந்த முதல் வெள்ளி. அண்டைக்குப் பனி கொட்டினது. செம்புக்குள்ள கை வைக்கேலாமல் விறைச்சுப் போச்சு."

இடையில் நின்றதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எட்டாம் வருடம் அவளுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்ததை நான் ஞாபகப்படுத்தினேன். அந்த மூன்று வெள்ளிகளும் விடுபட்டிருக்கும், அதைச் சரியாக எழுதவேண்டும் என்றேன்.

அவள் விரிப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூண்டும் நீங்கள் தெளிச்சனீங்கள்."

"நானோ?"

"நீங்கள்தான். கட்டில்ல கிடந்து போனில சொல்லிச் சொல்லித் தெளிப்பிச்சனான். அளவு தெரியாமல் அரைப் போத்தல் தூளைக் கொட்டிப்போட்டு, கை முழுக்க மஞ்சளாக்கிடக்கு, எப்பிடிப் போக்கிறதெண்டு எனக்கே போன் எடுத்தனீங்கள். தேசிக்காய்ப்புளி போட்டுத் தேயுங்கோ எண்டனான்." கூடையிலிருந்து ஒரு கொடிக்கவ்வியை எடுத்தாள். "ஓகோ, என்னை மட்டும் அறிக்கையில மாட்டிவிடலாமெண்டு பாத்தியளோ?"

உள்ளே போய் எட்டாம் வருடக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று கிழமைகளும் முழுமையாக இருந்தன. பார்வையாளர் நேரம், அவளுடைய காய்ச்சல் அளவு, மருத்துவர் சொன்னது, ஆஸ்பத்திரிக்குப் போன மெட்ரோ தாமதமானது. மஞ்சள் இல்லை. தேசிக்காய்ப்புளியும் இல்லை. ஆனால் அவள் சொன்னதும் அந்த எலுமிச்சை மணம் எனக்கு வந்துவிட்டது.

நிபுணருக்குப் போன் எடுத்து, தொடங்கிய நாளைச் சொன்னேன். இடையில் நிற்கவில்லை என்றும் சொன்னேன். கொப்பியில் எந்தப் பக்கத்தைக் குறிப்பிடுவது என்று கேட்டார். கொப்பியில் இல்லை, மனைவி வாயால் சொன்னது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுதும் சத்தம் கேட்டது.

"இன்னுமொன்று" என்றேன். "எட்டாம் வருடத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளுக்கு ஆள் வேறு. அது நான்."